வெறும் தண்ணீர்

அன்று காலை அவன் எழுந்து வந்தபோது, வலது கன்னத்தில் தலையணை உறையின் தையல் பதிந்திருந்தது. தூங்கி எழுகிற எல்லார் முகத்திலும் இருப்பதுதான். பல் துலக்கி, ஈரத் துணியால் முகத்தைத் துடைத்து, அவள் கொடுத்த தேநீரைக் குடித்து முடிப்பதற்குள் அது மறைந்திருக்க வேண்டும். மறையவில்லை. அவள் வேலைக்குக் கிளம்பிச் செருப்பு மாட்டும்போதும் காதோரத்திலிருந்து மோவாய் வரை அந்தக் கோடு அப்படியே இருந்தது. தையலின் ஒவ்வொரு புள்ளியும் தனித்தனியாகத் தெரிந்தது, யாரோ கன்னத்தை மடித்துத் தைத்து வைத்ததுபோல.

"என்ன கண்ணாடி, புதுசா பாக்கற மாதிரி பாக்கற?"

மூக்குக் கண்ணாடி இல்லாமல் அவளுக்கு வாசற்படி கூடத் தெரியாது. கல்யாணமான மறுநாளே அவன் வைத்த பெயர் அது.

"கன்னத்துல கோடு விழுந்திருக்கு. இன்னும் போகல."

"விட்டா ஸ்கேல் வெச்சு அளப்ப போலிருக்கே. போ, பஸ் போயிடும்."

அவள் சிரித்துவிட்டுத்தான் கிளம்பினாள். அவன் கேலி பேசுவதைக் கேட்கக் கிடைத்ததே பெரிய விஷயம் என்று இருந்த காலம் அது.

அவன் பூட்டு வேலைக்காரன். அதற்குக் கொஞ்ச காலம் முன்பு ஒருநாள் அரம் வழுக்கி, வலது உள்ளங்கையில் கட்டைவிரலுக்குக் கீழே கிழித்துவிட்டது. சின்னக் காயம்தான். துணியைச் சுற்றிக்கொண்டு வேலையைத் தொடர்ந்தான். கை வீங்கியது, முழங்கை வரை சிவந்தது, காய்ச்சல் ஏறியது. ஆஸ்பத்திரியில் ஒரு மருந்து மாற்றி ஒரு மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். அந்தக் கிருமி எதற்கும் மசியவில்லை. முழங்கைக்கு மேலே எடுத்துவிடலாம், எடுத்தாலும் உயிருக்கு உத்தரவாதம் சொல்ல முடியாது என்று பெரிய டாக்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

அப்போது குறுக்கே நின்றவள் அண்ணிதான். அவனுடைய அக்கா. தாயில்லாத தம்பியைத் தூக்கி வளர்த்தவள். இவள் வேலை பார்த்த நுண்ணுயிர் ஆய்வுக்கூடத்துக்குத் தலைவியும் அண்ணியே. "என் கையில தொழில் பழகின பொண்ணு, என் தம்பிக்கே வேணும்" என்று சொல்லி இந்தக் கல்யாணத்தை முடித்து வைத்ததும் அண்ணிதான். வேலை, வீடு, புருஷன் என்று அவளுக்கு வாய்த்தது எல்லாமே அண்ணியின் கையால் வந்தது.

அந்த ஆய்வுக்கூடத்தில் அவர்கள் தேடிக்கொண்டிருந்தது ஒரே ஒரு பொருளை. பாக்டீரியா ஒவ்வொன்றையும் சுற்றி ஒரு சுவர் இருக்கிறது. சுவர் இல்லாவிட்டால் வெளியிலிருக்கும் தண்ணீர் உள்ளே புகுந்து அது உப்பி வெடித்துவிடும். அந்தச் சுவரை எழுப்புகிற கொத்தனார்களைப் போலச் சில நொதிகள் உள்ளே ஓயாமல் வேலை செய்கின்றன. அவற்றில் ஒன்றை முடக்கிவிட்டால் போதும். ஒருநாள் அவள் இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது அவன், "அதாவது பூட்டுக்குள்ள பாதி சாவிய ஒடிச்சு விடறீங்க. இதுக்கா அக்கா இத்தனை வருஷம் படிச்சா?" என்று கேட்டான். அண்ணி அன்று கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

ஒடிந்த சாவி போன்ற அந்தப் பொருள் கிடைத்திருந்தது. மனிதர்களுக்குக் கொடுக்க இன்னும் யாரும் அனுமதிக்கவில்லை. அவன் புண்ணிலிருந்து எடுத்த கிருமியை அந்த மருந்தில் ஊறவைத்து, கிருமி வளர்க்கிற தட்டில் தடவி, பிழைக்கிறதா என்று பார்க்கும் வேலையை அண்ணி அவளிடமே கொடுத்தாள். அதில் அண்ணிக்கென்று ஒரு முறை உண்டு. தட்டில் தடவுவதற்கு முன் கிருமியைச் சுத்தமான தண்ணீரில் ஒரு தடவை அலச வேண்டும். மற்ற இடங்களில் உப்பு கலந்த நீரில் அலசுவார்கள் என்று அவள் படித்திருக்கிறாள். அண்ணி ஒப்புக்கொள்ள மாட்டாள். "மருந்தோட மிச்சம் ஒட்டிக்கிட்டிருந்தா முடிவு தப்பா வரும். வெறும் தண்ணில அலசு."

அலசினாள். மறுநாள் தட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தாள். ஒரு புள்ளிகூட இல்லை. துடைத்து வைத்த ஜன்னல் மாதிரி இருந்தது. அங்கேயே உட்கார்ந்து அழுதாள்; பிறகு சிரித்துக்கொண்டே தட்டைத் தூக்கிப் பிடித்து அண்ணியிடம் ஓடினாள்.

அண்ணி மருந்தை வீட்டுக்கே கொண்டுவந்தாள். அவன் ஊசியைப் பார்க்கவில்லை, அக்காவையும் பார்க்கவில்லை; இவளைப் பார்த்தான்.

"நீ பாத்தியா?"

"நானே பாத்தேங்க. தட்டு சுத்தமா இருக்கு."

கையை நீட்டினான். புண்ணைத் தொட்டுக் கட்டுகிறவள் என்பதால் அவளுக்கும் அதே மருந்து மாத்திரையாக வந்தது, முன்ஜாக்கிரதைக்காக. இரண்டு பேரும் குளிக்கிற தண்ணீரில் உப்புப் போட்டுக்கொள்ளுங்கள், புண் ஆறும் வரைக்கும் நல்லது என்றாள் அண்ணி. காய்ச்சல் இறங்கியது. வீக்கம் வடிந்தது. காயம் மூடி, உள்ளங்கையில் ஒரு ரோஜா நிறக் கோடு மட்டும் மிஞ்சியது.

அதற்குப் பிறகு நடந்தவை எல்லாம் சின்ன விஷயங்கள். சர்க்கரை டப்பா வாங்கி வைத்த வேகத்தில் காலியானது. அவன் குளிப்பதையே விட்டுவிட்டு உப்புத் தண்ணீரில் துணி நனைத்துத் துடைத்துக்கொண்டான். அவன் படுத்திருந்த பக்கத்தில் ஒரு வாசனை வந்தது. அடுப்பில் வைத்த சர்க்கரை உருகி, தீய்வதற்குச் சற்று முன்னால் வருமே, அந்த வாசனை.

அதே வாசனை, கன்னத்துக் கோடு மறையாத அன்று மத்தியானம், ஆய்வுக்கூடத்து உள்ளறையில் வந்தது.

கிருமிகளை வளர்க்கிற அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. எப்போதும் உடம்புச் சூட்டில் வைத்திருப்பார்கள். நுழைந்ததும் யாரோ முகத்துக்கு நேரே மூச்சு விடுவதுபோல இருக்கும். வழக்கமாக அங்கே புளித்த வாடைதான் அடிக்கும். அவர்கள் பயன்படுத்துகிற எந்தத் தட்டிலும் சர்க்கரை சேர்ப்பதில்லை. அவள் கதவருகே நின்று மோந்து பார்த்தாள். வாசனை மூலையிலிருந்த அண்ணியின் சொந்த அலமாரியிலிருந்து வந்தது. எப்போதும் பூட்டியே இருக்கும் அலமாரி. அந்தப் பூட்டைப் போட்டவன் அவள் புருஷன். கதவை லேசாகத் தூக்கிப் பிடித்தால் சாவியே வேண்டாம் என்று அவளிடம் மட்டும் சொல்லியிருந்தான்.

தூக்கிப் பிடித்தாள். திறந்துகொண்டது.

உள்ளே தட்டுகள். ஒவ்வொன்றின் அடியிலும் அண்ணி ஒரு சின்னச் சாவி வரைந்திருந்தாள். தம்பியின் கிருமிக்கு அவள் போடுகிற அடையாளம். எந்தத் தட்டும் சுத்தமாக இல்லை. பொரித்த முட்டையைப் போல, நடுவில் தடித்து ஓரத்தில் பரந்து, எண்ணெய்ப் பளபளப்போடு புள்ளிகள் மொய்த்திருந்தன.

ஒரு துளி எடுத்து நுண்ணோக்கியில் வைத்தாள். குச்சி குச்சியாக இருக்க வேண்டிய கிருமிகள் அவை. இங்கே குச்சி எதுவும் இல்லை. உருண்டை இருந்தது, அது பார்த்துக்கொண்டிருக்கும்போதே நீண்டது, ஓரிடத்தில் பிதுங்கி இரண்டானது. கண்ணாடிச் சில்லில் ஒரு கீறல் இருந்தது; நூலைவிடவும் மெல்லிய இடைவெளி. உருண்டைகளில் ஒன்று அதன் வாயில் வந்து நின்றது. தட்டையானது. ஒழுகியது. அந்தப் பக்கம் போய், அவசரமே இல்லாமல், மறுபடி உருண்டையாகக் கூடிக்கொண்டது.

சுவர் இல்லை. சுவர் இல்லாமலே உயிரோடு இருந்தன. தட்டில் இருந்த சர்க்கரையும் உப்பும் அவற்றை வெடிக்காமல் தாங்கிப் பிடித்திருந்தன.

அவள் ஒரு சொட்டுச் சுத்தமான தண்ணீரைக் கண்ணாடியின் ஓரத்தில் விட்டாள். தண்ணீர் பரவிய இடமெல்லாம் அவை உப்பின. ஒன்று மறைந்தது. பிறகு பத்து. பிறகு எல்லாமே. நுண்ணோக்கிக்குள் வெளிச்சம் மட்டும் மிச்சம், துடைத்து வைத்த ஜன்னல் மாதிரி.

மருந்து எதையும் கொல்லவில்லை. அன்று கொன்றது அவள் அலசிய தண்ணீர்.

"பூட்டோட ரகசியத்தை உன்கிட்ட சொல்லிட்டானா? சின்ன வயசுலயே ஓட்டை வாய்" என்று பின்னாலிருந்து அண்ணியின் குரல் வந்தது.

அவள் திரும்பவில்லை. "அண்ணி, இது உயிரோட இருக்கு."

"ஆமா."

"மருந்து அதோட சட்டையக் கழட்டி விட்டிருக்கு. வேற ஒண்ணும் பண்ணல."

"சட்டை இல்லாதவனை உடம்புக்கு அடையாளம் தெரியாது. காய்ச்சல் வராது, வீங்காது. அது போதும்னு நினைச்சேன்." அண்ணி அலமாரிக் கதவைச் சாத்தினாள், குழந்தை தூங்குகிற அறையைச் சாத்துவதுபோல. "கையை வெட்டறேன்னு நின்னாங்கடி. நான் வளத்த கை."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"உனக்குப் பொய் வராது. மூஞ்சிலயே தெரிஞ்சிடும். அவன் உன் மூஞ்சியப் பாத்துத்தானே கையை நீட்டினான்?"

அவள் அழுத அழுகை, சிரித்த சிரிப்பு, தட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிய ஓட்டம் எல்லாவற்றையும் அண்ணி முன்கூட்டியே கணக்குப் போட்டு வைத்திருந்தாள்.

"மருந்தை நிறுத்திடுங்க."

"அது அவன் உடம்போட உடம்பாக் கலந்துடுச்சு. நிறுத்தினா திரும்பச் சுவர் எழுப்பிக்கும். பழைய கிருமியா எழுந்திரிச்சு நிக்கும். அப்ப கை மட்டும் போகாது."

"அவர்கிட்ட நான் சொல்றேன்."

"அவனுக்குத் தெரியும். போன வாரமே சொல்லிட்டேன். உன்கிட்ட சொல்ல வேண்டாம்னது அவன்தான்."

போன வாரம். அதாவது ஏழு காலைத் தேநீர். ஏழு கேலி.

அண்ணி அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். கட்டைவிரலால் அழுத்தி, ஆறுதல் சொல்கிறவளைப் போல மெதுவாகத் தடவினாள். "வீட்டுக்குப் போ. மழை வர்ற மாதிரி இருக்கு. அவன் மேல வெறும் தண்ணி மட்டும் படாம பாத்துக்க." விரலை எடுத்த பிறகும் அந்த மணிக்கட்டை விட்டுவிடவில்லை. வெளிச்சத்துக்குத் திருப்பி, தலையைச் சாய்த்து, தட்டைப் பார்ப்பதுபோல ஒரு கணம் பார்த்தாள். அப்புறம்தான் விட்டாள்.

பஸ்ஸை விட்டு இறங்கும்போது மழை தொடங்கியிருந்தது. குடையையும் மீறிப் பிடரியில் விழுந்த சொட்டுகள் சுருக்கென்று குத்தின. காற்று அப்படி என்று நினைத்துக்கொண்டாள்.

வீட்டில் விளக்குப் போட்டிருக்கவில்லை. ஜன்னல் இடுக்கு ஒவ்வொன்றிலும் அவளுடைய பழைய துணிகள் திணிக்கப்பட்டிருந்தன, ஒரு சொட்டு மழைகூட உள்ளே வராதபடி, பூட்டு வேலைக்காரனின் நேர்த்தியோடு. சாயங்கால வெளிச்சம் துணிகளின் வழியாகச் சாம்பல் நிறத்தில் கசிந்தது. வாசனை அவ்வளவு கனமாக இருந்ததால் அவள் வாயால் மூச்சு விட்டாள், அப்போது அது நாக்கில் இனித்தது. காலடியில் ஏதோ நறநறத்தது. குனிந்து தொட்டாள். சர்க்கரை. சமையலறையிலிருந்து படுக்கையறை வரை.

"என்னங்க?"

"இங்கதான் இருக்கேன்." படுக்கையறையிலிருந்து. குரல் அவன் குரலேதான். கொஞ்சம் தாழ்ந்திருந்தது, அவ்வளவே.

கதவருகே போனாள். மெத்தையைச் சுருட்டி மூலையில் வைத்துவிட்டு, வெறும் மரச்சட்டக் கட்டிலில் அவன் மல்லாந்து படுத்திருந்தான். கட்டிலுக்கு அடியில், சட்டங்களின் இடைவெளி ஒவ்வொன்றிலும் ஏதோ தொங்கியது. உலர்த்திய துணி என்று நினைத்தாள். வரிசையாக, சீராக.

மூச்சு விடும்போது அவை ஏறி இறங்கின.

"வந்துட்டியா கண்ணாடி?" முகம் அவள் பக்கம் திரும்பியது. முகம் மட்டும். "இப்படிப் படுத்தாத்தான் சுகமா இருக்கு."

அவன் எழுந்தான். சட்டங்களிலிருந்து உடம்பு விடுபடும் சத்தம் ஒவ்வொன்றாகக் கேட்டது, பிசைந்த மாவைப் பலகையிலிருந்து உரிப்பதுபோல. எழுந்து நின்றவன் வாசலுக்குப் போகும் வழியில் நின்றான். தோள் ஒரு பக்கம் இறங்கியிருந்தது. அவள் பார்க்கும்போதே அதைச் சரிசெய்துகொண்டான், சட்டையைச் சரிசெய்வதுபோல.

அவள் பின்னால் நகர்ந்தாள். சமையலறை. குளியலறை. கதவு. தாழ்ப்பாள்.

அவனே போட்ட தாழ்ப்பாள். யானை முட்டினாலும் திறக்காது என்று கல்யாணமான புதிதில் பெருமையடித்தது.

காலடிச் சத்தம் வந்தது. காலடி என்று சொல்ல முடியாது. சர்க்கரை நறநறத்தது, விடாமல், ஒரே இழுப்பாக.

"அக்கா சொல்லிட்டாளா?" கதவுக்கு வெளியே.

"நீங்க ஏன் சொல்லல?" பயத்தைவிட அந்தக் கேள்விதான் முதலில் வந்தது. "ஒரு வாரமா என் மூஞ்சியப் பாத்து எப்படிச் சிரிச்சீங்க?"

"தட்டு சுத்தமா இருக்குன்னு சொன்னப்ப உன் முகம் எப்படி இருந்துச்சு தெரியுமா? அதைக் கெடுக்க மனசு வரல." கதவில் ஏதோ சாய்ந்தது. பலகை முழுவதும் ஒரே நேரத்தில் முனகியது. "கதவைத் திற."

"மாட்டேன்."

மழை. கூரைத் தகரத்தில் மழை.

"சரி. நானே வரேன்."

கதவுக்கும் தரைக்கும் நடுவே ஒரு விரல் நுழையாத இடைவெளி. ஈரம் கோத்துக் கதவு உப்பக்கூடாது என்று அவனே சீவி வைத்தது. முதலில் வாசனை வந்தது. பிறகு வெளியே தரையில் ஏதோ விழுந்து, கணீரென்று உருண்டு, சுற்றி, அடங்கியது.

கல்யாண மோதிரம். அதனால் உள்ளே வர முடியவில்லை.

விரல்கள் வந்தன. நாடா மாதிரி. ஐந்து நாடாக்கள். தரையோடு தரையாக நீண்டு, நின்று, நுனியிலிருந்து தடிக்கத் தொடங்கின. நகம் வந்தது. கணு வந்தது. உள்ளங்கை ஒழுகி வந்து கூடியது. நடுவில் அந்த ரோஜா நிறக் கோடு. சாலையைக் கடக்கும்போதெல்லாம் அவளுக்காக நீட்டுவானே, அதேபோல் மல்லாந்து விரிந்து, காத்திருந்தது.

"கையக் குடு, கண்ணாடி."

ஒரு குவளை போதும். அவளுக்குத் தெரியும். ஒரு குவளை வெறும் தண்ணீர். அதன் பிறகு தரை துடைத்து வைத்த ஜன்னல் மாதிரி இருக்கும். கதவின் அந்தப் பக்கம் இருப்பதும். கேலி பேசுகிற அந்தக் குரலும்.

அழுதுகொண்டே, கண்ணை அந்தக் கையிலிருந்து எடுக்காமல், குவளை கிடந்த வாளிக்குள் கையை விட்டாள். நிறைந்த வாளி. இன்னும் உப்புப் போடாத வாளி.

சுரீரென்றது.

குனிந்து பார்த்தாள். மணிக்கட்டில் ஒரு குழி. அண்ணி அழுத்திய இடம். மத்தியானம் அழுத்தியது. கட்டைவிரல் அப்படியே பதிந்திருந்தது, ரேகை உட்பட.

மாத்திரை. முன்ஜாக்கிரதைக்கு.

தண்ணீருக்குள் அவள் விரல்கள் குவளையைப் பிடிக்கப் பார்த்தன. மூடவில்லை. ஒவ்வொரு விரலும் மெல்ல உருண்டு திரண்டு, வெளிச்சம் ஊடுருவும்படி வெளுத்து, உப்பிக்கொண்டே போனது. வாளியிலிருந்து இனிப்பு வாசனை எழுந்தது.

கதவடியில் அவன் கை இன்னும் நீட்டியபடியே இருந்தது.